சாத்திய ஜன்னலும் மலைக் குளிரும்: பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்காட்டில் குழந்தைகள் முகாம்

சித்திரை பிறந்ததும் சேலத்தின் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கத் தொடங்கும். பள்ளி விடுமுறை விட்டவுடன், பிள்ளைகளை ஒரு வாரமாவது மலைக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வீடுகளில் எழும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் ஏரியும் பழைய பங்களாக்களும் இருக்கும் அந்த ஊரில் குழந்தைகளுக்கான கோடை முகாம் நடத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச் மாத இறுதியில் கொரோனாவால் ஊரடங்கு வந்தது. அந்தக் கோடையும் அடுத்த கோடையும் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கழித்தார்கள். 2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டியிருந்த நேரத்தில், முகாமைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்த ஆண்டுகளில் குழந்தைகள் இழந்தது பாடத்தை மட்டுமன்று. விளையாட்டையும், வயதொத்தவர்களோடு பழகுவதையும், பெற்றோரை விட்டு நான்கு நாள் தனியே இருந்து பார்க்கும் துணிச்சலையும் சேர்த்தே இழந்தார்கள். ஆகவே, இன்னொரு பெருந்தொற்று வந்தால் முகாமே கூடாது என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால், எந்த நிலையில் நடத்தலாம், எந்த நிலையில் நடத்தவே கூடாது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது.

இதற்கு விடை தேட இரண்டு முகாம் கதைகள் போதும். இரண்டும் 2020ஆம் ஆண்டுக் கோடையில், தடுப்பூசி வருவதற்கு முன்பு, அமெரிக்காவில் நடந்தவை. இரண்டையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து வெளியிட்டது.

முதலாவது, ஜார்ஜியா மாநிலத்தில் பிள்ளைகள் இரவு தங்கிய முகாம். வருகிற ஒவ்வொருவரும் அதற்கு முந்தைய 12 நாட்களுக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் துணி முகக்கவசம் அணிந்தார்கள். பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை. குடில்களின் கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டத்தைக் கூட்டவில்லை. நாள்தோறும் உரக்கப் பாடுவதும் கோஷமிடுவதும் நடந்தன. ஜூன் 21 அன்று பிள்ளைகள் வந்தார்கள். மறுநாள் இரவு பதின்வயது ஊழியர் ஒருவருக்குக் குளிர் நடுக்கம் கண்டது. 24ஆம் தேதி அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. அன்றே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கி, 27ஆம் தேதி முகாமை மூடினார்கள். அந்த மாநிலத்தைச் சேர்ந்த 597 பேரில் 344 பேருடைய பரிசோதனை முடிவுகள் கிடைத்தன. அவர்களுள் 260 பேருக்குத் தொற்று இருந்தது. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தொற்றியிருந்தது. குழந்தைகளுக்கு இந்த நோய் தொற்றாது என்று அப்போது பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை ஒரே வாரத்தில் உடைந்தது.

இரண்டாவது, மெய்ன் மாநிலத்தில் நடந்த நான்கு முகாம்கள். பல மாநிலங்களிலிருந்து மொத்தம் 1,022 பேர் வந்தார்கள். புறப்படுவதற்கு முன் 10 முதல் 14 நாள் வீட்டிலேயே ஒதுங்கியிருந்தார்கள். வருவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பு ஒரு பரிசோதனை. அதில் தொற்று தெரிந்த நான்கு பேர் குணமாகும் வரை வீட்டிலேயே நிறுத்தப்பட்டார்கள். வந்து சேர்ந்த பின், நான்காம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் மறுபடியும் பரிசோதனை. இதில் மூவருக்குத் தொற்று தெரிந்தது. ஆனால் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு இன்னொன்றோடு கலக்காமல் வைத்திருந்ததால், அந்த மூவரிடமிருந்து வேறு ஒருவருக்கும் நோய் பரவவில்லை.

இரண்டிலும் பரிசோதனை இருந்தது. ஒன்றில் அது பயன்படவில்லை, மற்றொன்றில் பயன்பட்டது. காரணம் நோயின் கால ஓட்டத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் கொரோனா, உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்ட ஏறத்தாழ ஐந்து நாள் எடுத்தது. சிலருக்கு 14 நாள் வரையும் ஆனது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றும். ஆகவே 12 நாளுக்கு முன் எடுத்த சான்று, அந்தப் பிள்ளை 12 நாளுக்கு முன் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அதற்குப் பிறகு சேலத்தின் அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தால் அந்தத் தாள் வெறும் தாள். பரிசோதனைக்குப் பிறகு வீட்டோடு இருப்பதும், வந்த பின் இன்னொரு முறை பார்ப்பதும் சேர்ந்தால்தான் முதல் சோதனைக்கே மதிப்பு.

இதே கணக்கு, குறுகிய முகாம்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் தவறான நம்பிக்கையையும் காட்டிக்கொடுக்கிறது. ஐந்து நாள் முகாமில் மூன்றாம் நாள் ஒரு பிள்ளைக்குத் தொற்றினால், காய்ச்சல் வருவது சேலத்தில், வீட்டில், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நடுவில். முகாம் நடத்தியவர் ஒரு தொற்றுகூட இல்லாமல் முடித்ததாக மனதார நம்பியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகு பத்து நாட்களாவது வீடுகளோடு தொடர்பில் இருந்து விசாரிக்காத முகாமின் கணக்கு பாதியில் நிற்கிற கணக்கு.

இனி, மலைக்கு உரிய சிக்கல்களுக்கு வருவோம். கொரோனா பெரும்பாலும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவியது என்பதை ஏற்றுக்கொள்ள உலகமே தாமதித்தது. அந்தத் தாமதத்தின் எச்சமாகத்தான் நுழைவாயிலில் நெற்றிக்கு நேராக வெப்பமானி பிடிப்பதும், நாற்காலிகளுக்கு மருந்து தெளிப்பதும், தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் நீண்ட நாள் நீடித்தன. அறிகுறியே இல்லாமல் தொற்றைச் சுமக்கும் பிள்ளையை வெப்பமானி காட்டாது. கை கழுவுவதற்கு எப்போதும் மதிப்பு உண்டு, வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்காகவேனும். ஆனால் பெற்றோர் கண்ணுக்கு வாசலில் எது பளிச்சென்று தெரிகிறதோ அது பெரும்பாலும் குறைந்த பயனுள்ளது என்பதே என் கருத்து. நோய் பரவும் இடம் வாசல் அன்று. பகல் விளையாட்டுத் திடலும் அன்று. பிள்ளைகள் படுத்துறங்கும் கூடமும், மழைக்கு ஒதுங்கும் அறையும், அவர்களை ஏற்றி வரும் வேனுமே நாம் கவலைப்பட வேண்டிய இடங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில், கோடையிலும் இரவு குளிரும். கீழே சேலத்தில் மொட்டை மாடியில் பாய் விரிக்கிற அதே வாரத்தில், மேலே கம்பளி தேவைப்படும். பழைய பங்களாக்களில் கனமான மர ஜன்னல்கள். இருட்டியதும் அவற்றைச் சாத்துவதுதான் வழக்கம். பூச்சி வரும், குரங்கு கை விடும், பனி இறங்கும் என்று அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் 12 பிள்ளைகள் எட்டு மணி நேரம் உறங்கும் அறையில் ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு. கரியமில வாயு அளவிடும் சிறு கருவி ஓர் அறையில் 800 என்று காட்டினால், அங்கே உள்ளிழுக்கும் ஒவ்வொரு 100 மூச்சிலும் ஒரு மூச்சு யாரோ ஏற்கெனவே வெளிவிட்டது என்று பொருள். அதே கருவி 2,000 காட்டினால், 25 மூச்சுக்கு ஒன்று. சாத்திய அறையில் பிள்ளைகள் உறங்கினால் நள்ளிரவுக்குள் அந்த அளவைத் தாண்டிவிடலாம். கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய். வாசலில் பிடிக்கும் வெப்பமானிக்குப் பதிலாக இதை வாங்கிப் படுக்கைக் கூடத்தில் மாட்டுகிற நிர்வாகியை நான் நம்புவேன்.

ஆகவே உறங்கும் கூடத்தில் எதிரெதிர் ஜன்னல்கள் ஒரு சாணாவது இரவெல்லாம் திறந்திருக்க வேண்டும். அவற்றுக்குக் கம்பியும் கொசுவலையும் முன்கூட்டியே அடித்திருக்க வேண்டும். குளிருக்கு விடை ஜன்னலைச் சாத்துவதன்று, இன்னொரு கம்பளி. படுக்கைகளுக்கு இடையே ஆறடி விட்டு, ஒரு பிள்ளையின் தலை இருக்கும் பக்கத்தில் அடுத்த பிள்ளையின் கால் வருமாறு மாற்றி மாற்றிப் படுக்க வைப்பது எளிதான ஏற்பாடு. மேலே சுழலும் மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றையே கலக்கும். ஒரு ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்துவது அதைவிடப் பல மடங்கு பயன் தரும். கம்பளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஜன்னலுக்கு வலை அடிப்பதும் முகாம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலைகள். இந்த இரண்டையும் செய்ய இடமில்லாத கட்டடத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளை இரவு தங்க வைக்கக் கூடாது. பகல் முகாமாக மட்டும் நடத்திக்கொள்ளலாம்.

அடுத்தது மழை. சித்திரை, வைகாசி மாதங்களில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டு, இடியோடு ஒரு பாட்டம் கொட்டித் தீர்ப்பது வழக்கம். பகல் முழுக்க வெட்டவெளியில் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்த நிர்வாகம், மழை வந்த பத்தாவது நிமிடத்தில் அத்தனை பேரையும் ஒரே கூடத்துக்குள் அடைத்துவிடும். அங்கே அவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாதே என்று பாட்டுப் போட்டியும் தொடங்கிவிடும். உரக்கப் பாடும்போது வெளிவரும் நுண்துளிகள் மெல்லப் பேசும்போது வருவதைவிடப் பல மடங்கு. ஜார்ஜியாவிலும் நாள்தோறும் உரக்கப் பாடினார்கள். மின்னல் இருக்கும்போது பிள்ளைகளை மரத்தடியிலோ பக்கம் திறந்த கொட்டகையிலோ நிறுத்தக் கூடாது. அந்த விதி மற்ற எல்லா விதிகளுக்கும் மேலானது. எனவே ஒவ்வொரு குழுவுக்கும் அதற்கென்று ஓர் அறை முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். அங்கே முகக்கவசத்தோடு இருந்து பல்லாங்குழி, தாயம், படம் வரைவது என்று குரல் உயராத வேலைகளைச் செய்ய வேண்டும். இடி ஓய்ந்து வெறும் தூறலானதும் தாழ்வாரத்துக்கு வந்துவிடலாம். பழைய பங்களாக்களின் அகலமான தாழ்வாரம் அப்போது கைகொடுக்கும். பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாட்டில்லாத முகாம் முகாமே இல்லை. காலையில், வெளியில், தள்ளி நின்று பாடட்டும். சிலம்பம் போன்ற பயிற்சிக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு: கம்பு சுழலும் வீச்சே பிள்ளைகளை ஆறடி தள்ளி நிறுத்திவிடும், யாரும் அதட்ட வேண்டியதில்லை.

மலைச்சாலையில் ஏறி வருவது இன்னொரு தனிச் சிக்கல். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும். குமட்டுகிற பிள்ளை முகக்கவசம் போட்டிருக்கக் கூடாது. குளிர்சாதனத்தை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் குமட்டலும் குறையும், காற்றும் மாறும். ஒரு வேனில் ஒரு குழு மட்டும் ஏற வேண்டும், அந்தக் குழுவே முகாம் முடியும் வரை அதே குழுவாக இருக்க வேண்டும். 48 பிள்ளைகள் என்றால் 12 பேராக நான்கு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் மாறாத இரண்டு பெரியவர்கள். ஒரே அறையில் உறங்கி, ஒரே வரிசையில் உண்டு, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிற அந்த 14 பேரை ஒரு குடும்பம் என்று எண்ணிக்கொண்டால் மற்ற விதிகள் தாமே விளங்கும். சாப்பாட்டுக்குப் பந்தி வழக்கமே போதுமானது. ஆனால் எதிரெதிர் வரிசை இல்லாமல், மரத்தடியில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பரிமாறுபவர் முகக்கவசத்தோடு ஒருவராகவே இருக்க வேண்டும்.

முகக்கவசத்துக்கு வயது வரம்பு உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு வேண்டாம், ஆறு முதல் 11 வரை பெரியவர் கண்காணிப்பில் அணியலாம், 12க்கு மேல் பெரியவர்களைப் போல என்பது 2021ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளியான வழிகாட்டுதல். ஓடியாடும்போதும் உறங்கும்போதும் யாரும் அணியத் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றியே பேசும்போது நாம் மறந்துவிடுவது பெரியவர்களை. ஜார்ஜியாவில் முதலில் நோய் கண்டது ஊழியர் ஒருவருக்கு. எந்த முகாமிலும் பிள்ளைகள் உறங்கிய பிறகு பயிற்றுநர்கள் ஒரே அறையில் கூடி, தேநீர் குடித்து, மறுநாள் வேலையைப் பேசுவார்கள். குழுக்களைப் பிரித்து வைத்த பகல் உழைப்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகும். சமையல் செய்பவர், பாத்திரம் துலக்குபவர், காவலர், ஓட்டுநர் ஆகியோர் நாள்தோறும் வீட்டுக்குப் போய் வருபவர்கள். அவர்களில் பலர் மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். நோய் அவர்கள் வழியாக முகாமுக்கு வரலாம் என்று அஞ்சுகிற நாம், நகரத்திலிருந்து நாம் கொண்டுவரும் நோய் அவர்கள் வழியாகக் கிராமத்துக்குப் போகும் என்பதையும் அதே அளவு அஞ்ச வேண்டும். அங்கே இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமே. முகாம் நாட்களில் அவர்களையும் முகாமிலேயே தங்கவைத்து, உரிய கூடுதல் சம்பளம் கொடுப்பது சரியான வழி.

சம்பளத்தை இங்கே வேண்டுமென்றே சொல்கிறேன். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் சமையல்காரர் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். கட்டிய பணம் திரும்பி வராது என்று தெரிந்த பெற்றோர், பிள்ளைக்குக் காலையில் பாராசிட்டமால் கொடுத்து வேனில் ஏற்றிவிடுவார்கள். இதை அவர்களுடைய ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது தவறு. மறைப்பதற்குக் காரணத்தை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும், ஊழியருக்கு முழுச் சம்பளம் உண்டு என்று முதல் அறிவிப்பிலேயே எழுதுவது, எந்தப் பரிசோதனையைவிடவும் அதிக நோயாளிகளை வாசலுக்கு முன்பே நிறுத்தும். அந்தச் செலவைத் தாங்க முடியாத முகாம், பெருந்தொற்றுக் காலத்தில் நடக்கத் தகுதியற்றது என்றே சொல்வேன்.

நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் தூரம்தான் முதல் கணக்கு. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் தீவிர சிகிச்சைக்குச் சேலத்தில் உள்ள மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். இரவில், பனிமூட்டத்தில், அந்த 20 வளைவுகளையும் இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். சமவெளியில் காலை வரை பொறுக்கலாம் என்று எடுக்கும் முடிவை மலையில் மாலையிலேயே எடுத்துவிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவீட்டுக் கருவி முகாமில் இருக்க வேண்டும். அதன் எண்ணைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நலமான பிள்ளைக்கே எண் ஒன்றிரண்டு குறைந்து காட்டலாம். குளிர்ந்த விரலில் இன்னும் குறைத்துக் காட்டும். எனவே முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் கையையும் சூடாக்கி அளவெடுத்துக் குறித்துவைத்தால், பிறகு வரும் குறைவு நோயாலா மலையாலா என்று தெரியும். 94க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒதுக்கி வைக்கும் அறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காய்ச்சல் கண்ட எட்டு வயதுப் பிள்ளையை வெளியூரில், தனி அறையில், கதவைச் சாத்தி வைப்பது நோயைவிடப் பெரிய காயத்தை உண்டாக்கும். மறுபக்கம், ஒரே ஒரு பெரியவரோடு பிள்ளையைத் தனியறையில் விடுவதும் குழந்தைப் பாதுகாப்பு நோக்கில் சரியன்று. தாழ்வாரத்தைப் பார்த்த, ஜன்னல் திறந்த அறை. நல்ல முகக்கவசம் அணிந்த ஒருவர் உள்ளே, இன்னொருவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வெளியே. மணிக்கொருமுறை அம்மா அப்பாவோடு காணொளிப் பேச்சு. சேலத்திலிருந்து பெற்றோர் தம் வண்டியில் வந்து அழைத்துச் செல்லும் வரை இந்த ஏற்பாடு இருந்தால் போதும். அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு வேனில் அனுப்பக் கூடாது.

எப்போது முகாமை மூடுவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் நோய் வந்த பின் எடுக்கும் முடிவில் பணமும் வெட்கமும் கலந்துவிடும். ஒரு குழுவுக்குள் ஒருவருக்கு வந்தால் அந்தக் குழு மட்டும் பிரிந்திருக்கட்டும்; ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களில் வந்தால் பிரிப்பு உடைந்துவிட்டது என்று பொருள், அன்றே மூட வேண்டும். மூடும்போது எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறது, அங்கே வயதானவர்கள் இருக்கிறார்களா என்ற பட்டியலை மாவட்டச் சுகாதாரத் துறையிடம் கொடுப்பது நிர்வாகியின் கடமை. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. தகவல் சொல்வதை வழக்காகவும் அவமானமாகவும் கருதும் போக்கு அந்த மரபுக்குப் பொருந்தாது.

இங்கே சொன்னவை கொரோனாவைப் போலக் காற்றில் பரவும், அறிகுறிக்கு முன்பே தொற்றும் நோய்க்கானவை. 2009ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சல் ஓரிரு நாளிலேயே அறிகுறி காட்டியது, இளம் வயதினரையே அதிகம் தாக்கியது. அப்படிப்பட்ட நோய் பரவும் காலத்தில், தடுப்பூசி கைக்கு வரும்வரை, இரவு முகாமைத் தள்ளிவைப்பதே சரி. கொரோனாவிலும்கூடச் சில பிள்ளைகளுக்குத் தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் ஆறு வாரங்களில் உடலெங்கும் அழற்சி கண்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. ஆகவே முகாம் முடிந்து பத்தாம் நாள் கடைசித் தொலைபேசி விசாரிப்பை முடிக்கும்போது, அடுத்த ஒரு மாதத்தில் விடாத காய்ச்சலோ, உடம்பில் தடிப்போ, கண் சிவப்போ, வயிற்று வலியோ வந்தால், ஏற்காடு முகாமுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் கூற வேண்டும். சமையல்காரர் வீட்டுக்கும் அதே அழைப்புப் போக வேண்டும்.